பப் வேலை இன்டர்வியூ: சூட் வேண்டாம், ஷூவைப் பாருங்கள்

எனக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு ஏல் (ஒரு வகை பீர்) பப்பில் பகுதிநேர வேலை கிடைத்துவிட்டது. முதல் சம்பளமும் வந்தாயிற்று. ஆனாலும் இன்டர்வியூவுக்கு என்ன உடுத்துவது என்ற ஒரு கேள்விக்கு எனக்குக் கிடைத்த ஆலோசனைகளை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. செப்டம்பரில் படிக்க வருகிறவர்கள் இதே கேள்வியைக் கேட்பார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான் கிடைக்கும் என்பதால் எழுதுகிறேன்.

விசா, வங்கிக் கணக்கு, இங்கே வேலை பார்க்கத் தேவைப்படும் நேஷனல் இன்சூரன்ஸ் எண் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சிவியை அச்சிட்டுக் கடை கடையாகக் கொடுத்ததிலும் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் எல்லாம் கூப்பிட்ட பிறகுதான்.

வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றில், எந்த இன்டர்வியூ என்றாலும் பிளேசர், ஃபார்மல் பேன்ட், ஹீல்ஸ் என்று அடித்துச் சொன்னார்கள். பப் வேலைக்கு என்று நான் தனியாகக் கேட்டேன். "அதற்கும்தான்" என்றார் வகுப்பு எடுத்த பெண்மணி. டவுன் கடைகளில் அலைந்து விலை கட்டாமல், கடைசியில் ப்ரூம்ஹில்லில் பழைய துணி விற்கும் சாரிட்டி கடைகளில் தேடிப் பிளேசரும் பேன்ட்டும் வாங்கினேன். படிப்புப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற கட்டுப்பாட்டில் இருக்கும் மாணவிக்கு அதுவும் பெரிய செலவுதான்.

போன இடத்தில் மேனேஜர் கட்டம் போட்ட சட்டை, பழைய ஜீன்ஸ். என்னைப் பார்த்ததும் கணக்குத் தணிக்கைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார். வேலைக்கு என்று சொன்னதும், "சரி, செல்லரை (பீர் வைக்கும் நிலவறை) காட்டுகிறேன், வா" என்று கீழே கூட்டிப் போனார். செங்குத்தான கல் படி, ஈரத் தரை. காஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலிருந்தே ஊற்றும் ஏல், கெட்டுப்போகாமல் இருக்க 11 முதல் 13 டிகிரி வரை குளிரில் வைத்திருப்பார்கள். பீப்பாய் ஒன்றில் 72 பைன்ட் இருக்கும். அதை உருட்டி நகர்த்த வேண்டும், குழாயைக் கழற்றி மாட்ட வேண்டும். அந்த ஹீல்ஸோடு நான் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே வந்ததும், "கை நனைந்து வேலை செய்கிற ஆள்தான் வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாடு கட்டி, சாணி அள்ளி வளர்ந்தவள் நான். அதைச் சொல்ல வாய்ப்பே இல்லை. உடுப்பு எனக்கு முன்னால் பேசிவிட்டது.

எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் பல வருடம் பப்பில் வேலை பார்த்தவர். அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். "சூட் ஒண்டும் வேண்டாம் தங்கச்சி. அங்க பாரில நிக்கிற பிள்ளையள் என்ன போட்டிருக்கினமோ, அதைவிட ஒரு படி வடிவாப் போட்டுக்கொண்டு போம். முதல்ல போய்ப் பாத்திட்டு வாரும்" என்றார். நான் கேட்ட ஆலோசனைகளில் இதுதான் உருப்படியானது. அந்தப் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டதில் இதில் பாதிகூட இல்லை.

போய்ப் பார்ப்பதற்குப் பெரிதாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு லெமனேட் வாங்கிக்கொண்டு பாரைப் பார்த்தாற்போல் உட்கார்ந்தால் போதும். குடிக்காதவர்கள் பப்புக்குள் போகக் கூச்சப்பட வேண்டாம். ஞாயிறு மதியம் குழந்தை குட்டியோடு குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வருகிற இடம் இது. நம் ஊர் டாஸ்மாக்கை மனதில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்காதீர்கள். பார்க்க வேண்டியது: வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சட்டையா, அவரவர் சொந்த உடையா? கை நீளமா, மடித்துவிட்டிருக்கிறார்களா? முக்கியமாக, காலில் என்ன?

ஊர் முழுக்கப் பப் ஒரே மாதிரி இருக்காது. ஷெஃபீல்டில் கெல்ஹம் ஐலண்ட் பக்கம் ஏல் பப்புகள் அதிகம். அங்குள்ள கெல்ஹம் ஐலண்ட் டேவர்ன் 2008, 2009 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் நாட்டின் சிறந்த பப் விருது வாங்கியது. இந்த மாதிரி இடங்களில் டி-ஷர்ட், ஜீன்ஸ் போட்டவர்களே பீர் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அங்கே பிளேசர் அந்நியமாகத் தெரியும். சாப்பாட்டுக்குப் பேர் போன பப் என்றால் கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், ஏப்ரன். பெரிய நிறுவனங்களின் பப்புகளில் அவர்களே சட்டை தருவார்கள், கீழே கறுப்பு நம்முடையது. எதற்குப் போனாலும் கிழிசல் இல்லாத கறுப்பு ஜீன்ஸும், படம் எழுத்து எதுவும் இல்லாத கறுப்போ கருநீலமோ ஒரு சட்டையும் பொருந்தும். கடைசியில் நான் போட்டதும் அதுதான். சட்டை பருத்தி. கையை முழங்கை வரை மடிக்க வரும். கிளாஸ் கழுவும் இயந்திரத்தைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், பாலியஸ்டரோடு அங்கே நிற்க முடியாது.

குர்தி போடலாமே என்று அறைத்தோழி சொன்னாள். இன்டர்வியூவில் யாரும் தடுக்க மாட்டார்கள்தான். ஆனால் அன்றைக்கே "பாருக்குப் பின்னால் வந்து பார்" என்று கூப்பிடுவது இங்கே சகஜம். தொங்கலான கையும் துப்பட்டாவும் பீர் இறைக்கும் பம்ப் கைப்பிடியில் மாட்டும், சொட்டுத் தட்டில் தோய்ந்து நனையும்.

இனி ஷூ. மூடிய, தட்டையான, கறுப்பு ஷூ, அடியில் நல்ல பிடிமானம். மேனேஜர்கள் முதலில் பார்ப்பது காலைத்தான். தரையில் பீர் சிந்திக்கொண்டே இருக்கும், உடைந்த கிளாஸ் கிடக்கும். கான்வாஸ் ஷூவில் இரண்டும் உள்ளே இறங்கும். மொத்தக் காசையும் செலவழிக்க வேண்டும் என்றால் அதில் செலவழியுங்கள், சட்டையில் வேண்டாம்.

மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். நான் கழற்றவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பாருக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் மூக்கும் புருவமும் குத்தியிருப்பார்கள். வளையல், கல் வைத்த மோதிரம், நீள நகம் வேண்டாம். சாப்பாட்டுத் தட்டையும் நாம்தான் எடுத்துப் போவோம், சுத்தம் பார்ப்பார்கள். முடியை இறுக்கிக் கட்டுங்கள். சென்ட் அடிக்காதீர்கள். ஏல் குடிக்கிறவர்கள் கிளாஸை முதலில் மோந்து பார்ப்பார்கள், நம் சென்ட் வாசனை அவர்களுக்கு இடைஞ்சல்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு அடுத்து ஓர் இடத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மாலை வரச் சொன்னார்கள். மழை. ஷெஃபீல்டு மேடும் பள்ளமுமான ஊர், பஸ் நிறுத்தத்திலிருந்து ஏறிப் போவதற்குள் முழங்கால் வரை நனைந்தாயிற்று. உள்ளே கால் வைக்க இடமில்லாத கூட்டம். இன்டர்வியூவுக்கு வரச் சொன்ன மேனேஜர் அன்றைக்கு லீவாம். ஒரு வார்த்தை தகவல் இல்லை. பாரில் இருந்த பெண் பாவம், துண்டு ஒன்று கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். வெள்ளி மாலை, சனி இரவு, ஞாயிறு மதியம் என்று நேரம் கொடுத்தால் அப்போதே வேறு நேரம் கேளுங்கள். வார நாளில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு நல்லது. கிளம்பும் முன் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். பையில் காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி இருக்கட்டும்.

இன்னோர் இடத்தில் பேச்செல்லாம் நன்றாகப் போனது. முடிக்கும்போது மேனேஜர், "சனிக்கிழமை இரவு பெண்கள் ஹீல்ஸ் போட வேண்டும், மேக்கப்பும் வேண்டும்" என்றார். ஆண்களுக்கு என்ன விதி என்று கேட்டேன். கறுப்பு ஷூ போதுமாம். எட்டு மணி நேரம் ஈரத் தரையில் நிற்கிற வேலை இது. முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. 2015 டிசம்பரில் லண்டனில் நிக்கோலா தார்ப் என்ற வரவேற்பாளரை ஹீல்ஸ் போடவில்லை என்று சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்து, 2017 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் விவாதமே நடந்தது. உடை விதி இரு பாலருக்கும் சமமான சுமையாக இருக்க வேண்டும் என்று 2018இல் அரசு வழிகாட்டுதலும் வெளியிட்டது. வேலை அவசரமாகத் தேவைப்படும்போது மறுப்பது கஷ்டம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மறுக்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

இப்போது வேலை பார்க்கும் பப்பில் இன்டர்வியூ ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது. 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்கும் சேலஞ்ச் 25 முறையைப் பற்றி மேனேஜர் கேட்டார், சொன்னேன். என் ஷூவைப் பார்த்துத் தலையாட்டினார். அவ்வளவுதான்.

அப்புறம்தான் காகிதத் தொல்லை. ஈவிசாவிலிருந்து (இணையத்தில் இருக்கும் விசா) எடுத்த ஷேர் கோடை, அதாவது வேலை செய்ய உரிமை இருக்கிறதா என்று முதலாளி சரிபார்க்கும் குறியீட்டை, கொடுத்தேன், அவர் கணினி ஏற்கவில்லை. வேலைக்கான கோடு டபிள்யூ எழுத்தில் தொடங்க வேண்டும். எனக்கு எடுத்துக் கொடுத்த உதவி மைய ஆள் வேறு காரணத்துக்கான எஸ் கோடை எடுத்துத் தந்திருந்தார். அரசின் இணையதளத்தில் வேலை உரிமை என்பதைத் தேர்ந்தெடுத்து நீங்களே எடுங்கள். 90 நாள் செல்லும். அதோடு, மாணவர்களை வேலைக்கு எடுப்பவர் படிப்பின் பருவ, விடுமுறைத் தேதிகளுக்கான ஆதாரத்தையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆதாரக் கடிதத்துக்காகப் பல்கலைக்கழகத்துக்குப் போனால், கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "இணையத்தில் இருக்கிறது" என்றார். இணையத்தில் இருந்த கடிதத்தில் விடுமுறைத் தேதி இல்லை. திரும்பப் போய் வரிசையில் நின்று, எந்த வரி வேண்டும் என்று எழுதிக் காட்டிய பிறகே கிடைத்தது. ஒரு வருட முதுநிலைப் படிப்பில் கோடைக்காலம் பெரும்பாலும் ஆய்வேடு எழுதும் காலம், விடுமுறைக் கணக்கில் வராது. அப்போதும் 20 மணி நேரம்தான். தெரியாமல் கூடுதலாக வேலை பார்த்து விசாவுக்கு உலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு விஷயம். பப்பின் பெயர் போட்ட போலோ சட்டைக்கான காசைச் சம்பளத்தில் பிடிப்போம் என்றார்கள். எனக்கு வந்துகொண்டிருந்தது அப்போதைய குறைந்தபட்ச ஊதியம், 2025 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டு. யூனிஃபார்முக்காகப் பிடித்து, கையில் வருவது அந்தத் தொகைக்குக் கீழே போனால் அது சட்டப்படி தவறு. கறுப்பு பேன்ட் கட்டாயம், நீயே வாங்கிக்கொள் என்று சொன்னாலும் அந்தச் செலவு இதே கணக்கில்தான் வரும். விதியை அச்சிட்டு எடுத்துப்போய், கோபப்படாமல், "இதை ஒருமுறை பாருங்களேன்" என்று நீட்டினேன். படித்துப் பார்த்தார், சட்டையை இலவசமாகவே கொடுத்தார். எனக்கு மட்டுமல்ல, என்னோடு சேர்ந்த இன்னொரு பெண்ணுக்கும். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அவ்வளவு சந்தோஷம்.

கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு அக்டோபரிலிருந்தே ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஷூவை இன்டர்வியூவுக்கு முந்தின நாள் வாங்காதீர்கள். முன்பே வாங்கி, தடித்த சாக்ஸோடு போட்டு நடந்து பழக்கிக்கொள்ளுங்கள். புது ஷூவோடு முதல் ஷிஃப்டு நின்றால் குதிகால் தோல் உரிந்துவிடும்.