பாட்டு முடிந்தும் நிற்காத 'ம்ம்ம்'

பாட்டு முடிந்துவிடும், டிரம்ஸ் ஓய்ந்துவிடும், ஆம்ப் மட்டும் 'ம்ம்ம்' என்று ஆமோதித்துக்கொண்டே இருக்கும். எல்லோரும் திரும்பிப் பார்க்க, சிங்கிள் காயில் (பிக்கப்பில் ஒரே கம்பிச்சுருள்) எலெக்ட்ரிக் கிட்டார்காரர் ஸ்டூலோடு மெல்லச் சுற்றுவார். தெரியாதவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைப்பார்கள்.

சுற்றுவதில் விஷயம் இருக்கிறது. தந்தியின் அசைவை மின்சிக்னலாக்கும் பிக்கப்புக்குள் 0.063 மி.மீ. கம்பி சுமார் 8,000 சுற்று. தந்தியின் அசைவைப் பிடிக்கும் அதே காயில், பக்கத்து ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையும் பிடிக்கும். புலத்துக்குக் காயிலின் அச்சு செங்குத்தாகிற கோணத்தில் ஹம், அதாவது அந்த 'ம்ம்ம்', ஏறக்குறைய காணாமல் போகும். அந்தக் கோணத்தில் கூட்டத்துக்கு முதுகைக் காட்ட வேண்டிவந்தால் விதி.

அடுத்து ஒருவர் செம்பு டேப்போடு வருவார். பிக்கார்டை (கிட்டாரின் முகப்புத் தகட்டை) கழற்றி, உள்ளே குழி முழுக்க ஒட்டி, எர்த்தோடு பற்றவைத்து ஆன் செய்தால் அதே 'ம்ம்ம்'! டேப் பாவம், விளக்கு டிம்மர் கிளப்பும் 'கிர்ர்'ரைத்தான் அதனால் தடுக்க முடியும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் மெல்லிய செம்பை மதிப்பதே இல்லை.

டேப் வாங்குமுன் தந்தியைத் தொட்டுப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் எர்த் சரி. ஆன்டெனாவாக நின்றது உங்கள் உடம்புதான். அங்கே டேப் பலிக்கும். தொட்டும் மாறாமல், சுற்றினால் மட்டும் மாறினால் காந்த ஹம். தொட்டால் கூடுகிறதா? கேபிளைக் கழற்றி, வால்யூமை முழுக்கத் திறந்து, தந்திகள் அமரும் பிரிட்ஜுக்கும், கேபிள் செருகும் ஜாக்கின் ஸ்லீவுக்கும் (எர்த் முனை) இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 0 ஓம் அருகே வர வேண்டும். இணைப்பே இல்லை (OL) என்று காட்டினால் பிரிட்ஜ் வயர் அறுந்திருக்கும். சில கிலோ ஓம் காட்டினால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கும்.

"ஹம்பக்கர் போட்டால் தீருமே?" தீரும். கிப்ஸனில் செத் லவர் 1955-இல் காப்புரிமை கேட்ட வடிவம் அது: இரண்டு காயில், எதிரெதிர் துருவம், எதிரெதிர் இணைப்பு. தந்தியின் சிக்னல் கூடும், ஹம் கழியும். கூடவே கொஞ்சம் பளிச்சும் கழியும். 2.3 ஹென்றி சிங்கிள் காயில், 6 மீட்டர் கேபிளின் 600 பிகோஃபாரடோடு சேர்ந்து 4.3 கிலோஹெர்ட்ஸ் அருகே உச்சம் தரும், 4.4 ஹென்றி ஹம்பக்கரில் அது 3.1-க்கு இறங்கிவிடும். இதற்கு வால்யூம் குமிழில் 250 கிலோ ஓம் 'பாட்'டையே (பொட்டென்ஷியோமீட்டர்) விட்டுவைத்தால் போர்வைக்குள்ளிருந்து வாசித்த மாதிரிதான், 500 போடுங்கள். இழுத்தால் சுவிட்சாகும் புஷ்-புல் 'பாட்' போட்டு ஒரு காயிலை மட்டும் பிரித்து வாசித்தால் பளிச்சு திரும்பும், ஹம்மையும் கையோடு கூட்டிவரும்.

மூன்று சிங்கிள் காயில் கிட்டாரில் நடு பிக்கப் மட்டும் எதிர்ச்சுற்று, எதிர்த்துருவமாக இருந்தால் அதோடு இன்னொரு பிக்கப் சேரும் 5 வழி சுவிட்சின் 2, 4 இடங்களில் ஹம் தானாக அடங்கும். செட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பழைய பாணி செட்களில் மூன்றும் ஒரே மாதிரி சுற்றியிருக்கும்.