ஆர்.டி.350: முதல் கிக்குக்கு முன்னால்

பத்துப் பதினைந்து வருடம் படுத்துக்கிடந்த ஆர்.டி. பைக் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் வரும். புது பிளக் ரெண்டு, அரை லிட்டர் பெட்ரோல், நாலு கிக். பல நேரம் வண்டி ஸ்டார்ட்டும் ஆகிவிடும். ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது. ஸ்டார்ட் ஆன வண்டியை யாரும் பிரிக்க மாட்டார்கள். நாலாம் நாள் நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது ஒரு பக்க பிஸ்டன் ஜாம் ஆகும்.

இது எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் 80களின் கடைசி வரை ஃபரிதாபாதில் தயாரித்த ராஜ்தூத் 350, அதாவது ஜப்பானின் யமஹா ஆர்.டி.350-இன் இந்திய வடிவம் பற்றிய குறிப்பு. 347 சிசி, ரெட்டை சிலிண்டர், காற்றில் குளிரும் டூ-ஸ்ட்ரோக், ஆறு கியர். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 54 மி.மீ. ஜப்பான் மாடல் 39 குதிரைத்திறன் தந்தது. இங்கே மைலேஜுக்காக மூச்சை இறுக்கி முதலில் 30.5 (ஹெச்.டி., ஹை டார்க்), பிறகு 27 (எல்.டி., லோ டார்க்) என்று இறக்கினார்கள். வண்டி வாங்கும்போது ரெண்டு பேரலும் (சிலிண்டர்) ஒரே வகைதானா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஹெச்.டி., மறுபக்கம் எல்.டி. மாட்டிய வண்டிகள் உண்டு. அதை எந்த டியூனிங்காலும் சரிசெய்ய முடியாது. ஆர்.சி. புக்கில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எஞ்சின் மாற்றிய ஆர்.டி.க்கள் நிறைய.

ஜாம் ஆவது ஏன்

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸ் வெறும் எண்ணெய்ப் பெட்டி. டூ-ஸ்ட்ரோக்கில் அதுதான் காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சித் தள்ளும் பம்ப். அந்தப் பம்பின் இரு முனையிலும் இருப்பவை கிராங்க் ஆயில் சீல்கள். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் சீலின் உதடு காய்ந்து கெட்டியாகிவிடும்.

இடது பக்க சீல், மின்சாரம் தயாரிக்கும் மேக்னெட் பக்கம் இருக்கிறது. அது போனால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவை மெலியும், இடது பிஸ்டன் சூடேறும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஐடில் இறங்காமல் தொங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வலது சீல் கிளட்ச் பக்கம். அது போனால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும். வலது சைலன்சரில் மட்டும் வெள்ளைப் புகை வரும், கியர் ஆயில் அளவு மாயமாகக் குறையும். புகையைப் பார்த்ததும் ‘2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) ஜாஸ்தி’ என்று ஆயில் பம்பைக் குறைத்துவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். வலது சீல் பிரச்சினை அப்படியே இருக்க, பம்பைக் குறைத்ததால் ரெண்டு பிஸ்டனும் காயும்.

பி.பி. மெஷின் சோதனை

சீல் நன்றாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. காற்றழுத்தம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். 5 பி.எஸ்.ஐ. போதும். அது பி.பி. மெஷினில் 260. பழைய பி.பி. மெஷினின் பம்பும் மீட்டரும் இருந்தால் அதைவிட நல்ல கருவி இந்த வேலைக்குக் கிடையாது.

சைலன்சர் ரெண்டையும் கழற்றி, எக்சாஸ்ட் வாயில் சைக்கிள் டியூப் ரப்பர் வைத்து ஒரு தகட்டால் இறுக்குங்கள். கார்பரேட்டரைக் கழற்றி, இன்டேக் ரப்பர் ரெண்டிலும் அளவான அடைப்பான் போட்டு கிளிப்பை முறுக்குங்கள். ஆயில் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாய்களையும் மறக்காமல் அடைக்க வேண்டும். உள்ளே பீங்கானை உடைத்து எடுத்த பழைய பிளக் ஒன்றில் குழாய் பற்றவைத்து, அதன் வழியே காற்றை ஏற்றலாம்.

ஆர்.டி.யின் கிராங்க் 180 டிகிரி. ஒரு பிஸ்டன் கீழே இருக்கும்போது மற்றது மேலே இருக்கும். கீழே இருக்கும் பக்கத்தின் பிளக் துளை வழியே ஏற்றினால்தான் காற்று கிராங்க் கேஸுக்குள் போகும். ஒரு பக்கம் முடிந்ததும் அரைச்சுற்று திருப்பி மறுபக்கம் பாருங்கள். ரெண்டு பக்கத்தையும் பிரிக்க நடுவில் இருக்கும் லேபிரிந்த் சீல் காற்றை ஓரளவு கசியவிடும், அது இயல்பு. அதனால்தான் நாலு வாயையும் ஒன்றாக அடைக்கச் சொல்வது. நல்ல எஞ்சினில் முள் நகர்வது தெரியவே தெரியாது. ஒரு நிமிடத்தில் 260-லிருந்து 210-க்குக் கீழே போனால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் இடம் தெரிந்துவிடும்: பேரல் அடி பேக்கிங், ரீட் பிளாக் (இன்டேக்கில் இதழ் வால்வு இருக்கும் பகுதி) பேக்கிங், இடது சீல். குமிழி எங்கேயும் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் வலது சீல். கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைத்தால் உஸ்ஸென்று கேட்கும்.

கிராங்க்

சீலில் ஸ்க்ரூ குத்தி இழுத்து, புதியதைத் தட்டி ஏற்றும் குறுக்குவழி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. சீல் உட்காரும் இடத்தில் கீறல் விழுந்தால் புதுச் சீலும் ஒழுகும். கேஸைப் பிரிப்பதே முறை. பிரித்துவிட்டால் கிராங்கையும் முழுதாகப் பார்த்துவிடலாம். கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்தால் ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் ராடின் மேல்முனை ஆடுவது 2 மி.மீ.க்குள் இருக்கலாம், புதிதில் 1 மி.மீ.க்குள் இருக்கும். வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் சுற்றினால் கோணல் 0.03 மி.மீ.க்குள் வர வேண்டும். துரு பிடித்த பேரிங்கை டீசலில் கழுவிவிட்டு மறுபடி போடாதீர்கள்.

கேஸை மூடும்போது ரெண்டு விஷயம். மெயின் பேரிங்குகளின் வெளிவளையத்தில் சின்ன பின் இருக்கிறது. அது கேஸில் அதற்கான குழியில் உட்கார வேண்டும். உட்காராமல் நட்டை முறுக்கினால் கேஸ் விரியும். இந்தக் கேஸ் கிடைப்பதற்கரிது. இன்னொன்று, கேஸின் ரெண்டு பாதிக்கும் நடுவே காகித பேக்கிங் கிடையாது, திரவ பேக்கிங்தான். மெல்லிசாகத் தடவினால் போதும். சிலிக்கானை அப்பினால் பிதுங்கி எண்ணெய் போகும் வழியை அடைக்கும்.

போரிங்: லேத் கடையில் கூட நில்லுங்கள்

பிஸ்டன் ஜாம் ஆகிக் கிடந்தால் கிக்கரை மிதித்து விடுவிக்கப் பார்க்காதீர்கள். ஹெட்டைக் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஊற்றி ரெண்டு நாள் விட்டால் பெரும்பாலும் இளகும். தட்டுவதென்றால் மரக்கட்டை வைத்து மெதுவாக.

தேய்ந்த பேரலைக் கடைந்து பெரிதாக்குவதுதான் போரிங். அதற்கான ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று வரும். பிஸ்டனை வாங்கிய பிறகுதான் பேரலை லேத்துக்கு அனுப்ப வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பி முதலில் போர் அடிப்பது தலைகீழ் வேலை. பிஸ்டனை அதன் ஸ்கர்ட்டின் அடிவிளிம்பிலிருந்து 10 மி.மீ. மேலே, பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரில் அளந்து, அதோடு இடைவெளியைச் சேர்த்து போர் அடிக்க வேண்டும். யமஹா கணக்கு 0.04 மி.மீ.யை ஒட்டி வரும். இப்போது சந்தையில் கிடைக்கும் பிஸ்டன்களுக்கு 0.05 வைப்பது உசிதம். நம் ஊர் வெயிலுக்கு அது பாதுகாப்பு. எந்த பிஸ்டன் எந்தப் பேரலுக்கு என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

போர் முடிந்ததும் லேத் கடையில் கட்டாயம் கேட்க வேண்டியது, போர்ட் (பேரல் சுவரில் உள்ள வாயில்கள்) விளிம்புகளை மழுங்கச் சீவியாகிவிட்டதா என்பது. ஃபோர்-ஸ்ட்ரோக் பேரல்களே பார்த்துப் பழகிய கடைகளில் இந்த வேலையே நடக்காது. போர் அடித்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். ரிங் அதில் மாட்டி முறியும், முறிந்த துண்டு பிஸ்டன் தலையையும் ஹெட்டையும் கொத்தும். ஒவ்வொரு போர்ட் விளிம்பிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் சிக்கினால் ரிங்கும் சிக்கும்.

பேரலைப் பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் தூள் போகாது. சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். வெள்ளைத்துணியால் துடைத்துத் துணி வெள்ளையாகவே வரும் வரை கழுவி, உடனே 2டி ஆயில் தடவ வேண்டும். இல்லையென்றால் கண்முன்னே துரு ஏறும். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எக்சாஸ்ட் பக்கம். ரிங்கின் வாய், காடியில் இருக்கும் சின்ன பின்னின் மேல் வர வேண்டும். பிஸ்டன் பின் லாக் எப்போதும் புதிது. பழையதை நெளித்து மறுபடி போட்டு மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்க்கு ஒரு பேரல் விலை கொடுக்க வேண்டிவரும். ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக, மூன்று தவணையில், 25 நியூட்டன் மீட்டர் வரை.

ரீட் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நுனியில் 0.3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் அல்லது இதழில் மயிரிழை விரிசல் இருந்தால் மாற்றியாக வேண்டும். இரும்பு இதழ் உடைந்தால் நேராக எஞ்சினுக்குள்தான் போகும்.

ஆயில் பம்ப்

2டி ஆயிலைத் தானாக எஞ்சினுக்கு அனுப்பும் ஆட்டோலூப் பம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஓட்டு என்பது ஆர்.டி. வட்டாரத்தில் ஒரு மதம். அது தேவையில்லை என்பது என் கருத்து. பம்ப் அரிதாகத்தான் சாகும். குழாயில் காற்று நிற்பதும் கேபிள் தப்பாக இருப்பதும்தான் கொலைக் காரணங்கள். ஆயில் டேங்கைக் கழற்றி அடியில் உறைந்த கசடைக் கழுவி, குழாய்களைப் புதிதாகப் போடுங்கள். பம்பின் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி நிற்கும் வரை ஆயில் ஒழுக விட்டு மூடுங்கள். பிறகு பம்பின் சின்னச் சக்கரத்தைக் கையால் சுற்றி, எஞ்சினுக்குப் போகும் ரெண்டு குழாயிலும் ஆயில் நிறைவதைக் கண்ணால் பாருங்கள். பம்பின் குறைந்தபட்ச ஸ்ட்ரோக் 0.20 முதல் 0.25 மி.மீ.; குறைந்தால் 0.1 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) சேர்க்க வேண்டும். ஆக்சிலேட்டர் கேபிளின் தொய்வு எடுபடும் அந்தக் கணத்தில் பம்பின் குறி நேராக வர வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் 500 கிலோமீட்டருக்குப் பம்பு தருவதோடு சேர்த்து லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துவிடுங்கள்.

கார்பரேட்டரும் இ20 பெட்ரோலும்

ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்ய ஊசியோ ஸ்டீல் கம்பியோ வேண்டாம். வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று வெளியே என்று ஆரம்பியுங்கள். சோக் பிளஞ்சரின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் பெட்ரோல் வழியும், பிளக் கருக்கும். ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்து நாளை வீணாக்காதீர்கள். ஒரு கேபிள் பிரிந்து ரெண்டு ஸ்லைடையும் தூக்குவதால், ரெண்டும் ஒரே கணத்தில் அசைகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது அவசியம்.

இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தில் பெட்ரோலில் எத்தனால் இல்லை. சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று சரி என்றால், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்கு ஏறக்குறைய 13.5. அதாவது பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவை தானாகவே மெலிந்துவிடும். மெயின் ஜெட்டை ஒன்று அல்லது ரெண்டு சைஸ் ஏற்றி, ஜெட் நீடிலின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள். பிறகு புது பிளக் போட்டு, காலி ரோட்டில் ஒரு கிலோமீட்டர் முழு ஆக்சிலேட்டரில் போய், கிளட்சைப் பிடித்துக்கொண்டே இக்னிஷனை அணைத்து நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். பீங்கானின் அடிப்பகுதி வெளுத்திருந்தால் இன்னும் ஏற்ற வேண்டும். ரன்னிங்-இன் (புது பிஸ்டனைப் பழக்கும் ஓட்டம்) முடிந்த பிறகுதான் இந்தச் சோதனை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். பெட்ரோல் டியூப், ஃப்ளோட் பவுல் பேக்கிங் எல்லாம் புதிது. ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறதென்றால் கார்பரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

பாயிண்ட், டைமிங், சார்ஜிங்

பேட்டரி இல்லாமல் இந்த வண்டியில் ஸ்பார்க் இல்லை. பேட்டரி இறங்க இறங்க ஸ்பார்க்கும் மங்கும். ஐடிலைத் தாண்டி எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் மேக்னெட்டின் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், ரெக்டிஃபயர் என்ற வரிசையில் பாருங்கள்.

பாயிண்ட் என்பது திறக்கும்போது ஸ்பார்க்கை உண்டாக்கும் சின்ன சுவிட்ச். அதன் இடைவெளி 0.35 மி.மீ. முதலில் இடைவெளி, அப்புறம் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்). வரிசை மாறினால் ரெண்டும் கெடும். டைமிங்கைக் காதால் வைக்கும் பழக்கம் ஆர்.டி.யில் செல்லாது. பிளக் துளையில் டயல் கேஜ், பிஸ்டன் உச்சிக்கு 2.0 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். பாயிண்டுக்கும் எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு ஒன்றை இணைத்தால், திறக்கும் கணத்தில் எரியும். பெரிய பிளேட்டை நகர்த்தினால் ரெண்டு பாயிண்டும் நகரும். எனவே அதைச் சார்ந்த பக்கத்தை முதலில் முடித்துவிட்டு, மற்றதை அதன் சின்ன பிளேட்டில் சரிசெய்யுங்கள். அரை மில்லிமீட்டர் முன்னால் போனாலே வெயிலில் தட்டல் கேட்கும்; கேட்டும் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். பிளக் பி8எச்எஸ்.

சைலன்சரின் உள்குழாயை உருவி, கரியை எரித்துத் தட்டினால் பாதி வேலை முடியும். காஸ்டிக் சோடா கரைசல் இரும்புக்கு மட்டும், அலுமினியத்தைக் கரைத்துவிடும்.

நிறுத்துவது

ஓடவைப்பதில் இருக்கும் அக்கறை இதில் யாருக்கும் இருப்பதில்லை. ஜப்பான் மாடலில் முன்னே டிஸ்க், நமக்கு டிரம். அதில் பிரேக் ஷூக்களைத் தள்ளும் கேம் ரெண்டு இருக்கிறது. இணைக்கும் கம்பியைக் கழற்றி, ரெண்டு ஷூவும் ஒரே நேரத்தில் டிரம்மைத் தொடும்படி கம்பியின் நீளத்தை வைத்தால்தான் பிரேக் முழுதாகப் பிடிக்கும். டிரம் முட்டையாகியிருந்தால் வீலோடு லேத்தில் ஏற்றிச் சீவ வேண்டும். எண்பதுக்கு மேல் பின்புறம் ஆடினால் டயரைக் குறை சொல்வதற்கு முன் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடக்கென்றால் புஷ் போய்விட்டது. சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பழைய புஷ்ஷை மாதிரிக்குக் கொடுத்து கன்மெட்டலில் கடைந்து வாங்குவது ஒரு நாள் வேலை. பெயின்டுக்கும் குரோமுக்கும் எடுத்துவைத்த பணத்திலிருந்து இதை முதலில் எடுங்கள்.