ஒற்றைத் தந்தியில் பாகனினி: வயலின் உருப்படியைச் செல்லோவில் வாசித்த கதை

நான் முதலில் ஆசைப்பட்டது இத்தாலிய வயலின் மேதை பாகனினி தனி வயலினுக்கு எழுதிய 24ஆவது கப்ரீஸுக்கு. வாசிக்க நினைத்தது வயலினின் பெரிய உறவான செல்லோவில். இரண்டு மாதத்தில் கைவிட்டேன். அதனால் இது ஒரு தோல்வியில் ஆரம்பிக்கிற கதை.

காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. செல்லோவின் நான்கு தந்திகளும் வயலினைவிட ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் கீழே நிற்பவை. ஏ மைனர் ஸ்கேலில் இருக்கும் கப்ரீஸை டி மைனர் ஸ்கேலுக்கு இறக்கினால், வயலினில் எந்தெந்தத் தந்தியில் விரல் விழுகிறதோ அதே வரிசையில் இங்கேயும் விழும். இதைக் கண்டுபிடித்த அன்று நான் பெரிய மேதை என்று எனக்கே தோன்றியது.

வாத்தியத்தை மடியில் சாய்த்ததும் மேதைமை போய்விட்டது. வயலின் தந்தியில் ஒலிக்கும் நீளம் ஏறக்குறைய 33 செ.மீ. செல்லோவில் 69. அந்தக் கப்ரீஸின் மூன்றாவது வேரியேஷன் (அதே மெட்டை மாற்றி மாற்றி வாசிக்கும் பகுதிகளில் ஒன்று) முழுக்க ஆக்டேவ்: ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முதல் பொசிஷனில், அதாவது கை கழுத்தின் நுனியில் இருக்கும் நிலையில், வயலின்காரருக்கு ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரலுக்கு ஏழு செ.மீ. போதும். எனக்குப் பதினைந்து. அதற்குக் கட்டைவிரலைத் தூக்கித் தந்திமேல் படுக்க வைக்க வேண்டும். அது மேல் பொசிஷன்களில் பழகிய வேலைதான், ஆனால் வாத்தியத்தின் கழுத்துப் பக்கத்தில் என் தோள்பட்டையைப் பிய்த்துவிடும். ஒன்பதாவது வேரியேஷனில் இடது கை விரலாலேயே தந்தியைச் சுண்ட வேண்டும். செல்லோவின் தடித்த தந்தியை என் மோதிரவிரல் சுண்டினால் சத்தம் பக்கத்து அறைக்குக்கூடப் போகாது. இதையெல்லாம் அநாயாசமாக வாசிப்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருத்தி இல்லை.

"வயலின்காரங்ககூட ஓட்டப்பந்தயம் வேண்டாம்மா. அவங்களுக்குக் கஷ்டமா இருக்கிற இடத்துல போய் நில்லு" என்றார் என் சார். கையில் கொடுத்தது அதே பாகனினியின் 'மோசஸ் ஃபேன்டஸி'.

இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினி 1818இல் நேப்பிள்ஸில் மேடையேற்றிய மோசஸ் பற்றிய ஆப்பராவில் ஒரு பிரார்த்தனைப் பாட்டு உண்டு. அதை அவர் அடுத்த வருடம்தான் சேர்த்தார். பாகனினி அந்தப் பாட்டை எடுத்து, வயலினின் மிகக் கீழ்த் தந்தியான ஜி தந்தி ஒன்றில் மட்டும் வாசிக்கும்படி எழுதிவிட்டார். அதுவும் அந்தத் தந்தியை பி ஃப்ளாட் ஸ்வரம் வரை முறுக்கி ஏற்றி. வயலின்காரருக்கு இது தண்டனை மாதிரி. கீழ்த் தந்தியில் உச்சிக்குப் போக முழங்கையை வாத்தியத்துக்கு அடியில் நுழைத்து வளைக்க வேண்டும். செல்லோவில் இதை மேல் தந்தியான ஏ தந்தியில் வாசிப்பதுதான் வழக்கம். அது ஓரத் தந்தி. கட்டைவிரல் மேலே ஏறிவிட்டால் கையை மறிக்க எதுவும் இல்லை. குரலும் ஆண்குரல் மாதிரி ஏறும், பிரார்த்தனைக்கு அது பொருத்தம்.

சரி, சுலபம் என்று நினைத்தேன். ஒரே தந்தியில் வாசிப்பதென்றால் பக்கத்துத் தந்திக்குத் தப்பிக்க வழி கிடையாது. எல்லாமே தாவல். தந்தியின் சரிபாதியில் இருக்கும் ஹார்மோனிக் (அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டாலே ஒலிக்கும் ஸ்வரம்) ஒன்றுதான் நிச்சயமான மைல்கல். அதற்கு மேலே விரலும் காதும்தான் கதி. ஒவ்வொரு தாவலையும் வில் இல்லாமல் வெறும் விரலால் ஐம்பது தடவை, பிறகு வில்லோடு. கட்டைவிரலின் ஓரத்தில் முதலில் கொப்புளம், அப்புறம் காய்ப்பு. இடம் ஓரளவு பிடிபட்டது. ஆனால் மேல் ஸ்வரங்கள் மட்டும் சுருதி சரியாக இருந்தும் கிறீச்சிட்டன. விரலைத்தான் சந்தேகப்பட்டேன். ஆறு வாரம் விரலையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை சார் என் இடது கையைப் பார்க்கவே இல்லை. வில்லின் ரோமம் தந்தியைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பென்சிலை அந்த இடத்தில், தந்திக்கு மேலே குறுக்கே பிடித்து, "இப்போ மேல போ" என்றார். போனேன். "தந்தி பாதியாச்சு. வில் அங்கேயே நிக்குதே?"

அவ்வளவுதான் விஷயம். விரல் மேலே ஏற ஏற ஒலிக்கும் தந்தி சுருங்குகிறது. வில்லும் அதற்கு ஏற்ப குதிரையை, அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டை, நோக்கி நகர வேண்டும், வேகம் குறைய வேண்டும், எடை கொஞ்சம் கூட வேண்டும். கீழே வாசித்த இடத்திலேயே மேலேயும் இழுத்தால் தந்தி மூச்சுத் திணறும். வயலினிலும் இதே விதிதான், ஆனால் அங்கே விரலளவு நகர்வது இங்கே உள்ளங்கையளவு ஆகிவிடுகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெறும் வில்லை மட்டும் பழகினேன்: ஒரே ஸ்வரம், விரல்பலகை முனையிலிருந்து குதிரை வரை, பத்து நிலைகளில். வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை.

இன்னொரு தொல்லை என் காது. கர்நாடக வயலின் கேட்டு வளர்ந்தவளுக்கு ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போவது இயல்பு. ஒற்றைத் தந்தியில் கை போகிற ஒவ்வொரு பயணமும் காதில் விழுகிறது. எது இத்தாலியப் பாட்டுக்காரர் செய்யும் நெகிழ்வு, எது வெறும் வழுக்கல் என்று சார் வரி வரியாகப் பிரித்தார். வழுக்கலுக்கெல்லாம் நோட்டில் வட்டம் போட்டார். முதல் பக்கத்தில் மட்டும் பதினொன்று.

கச்சேரி என்று சொல்ல முடியாது, மாணவர்கள் வாசிக்கும் மாலைநேரக் கூட்டம். நாற்பது பேர், இரண்டு மின்விசிறி. பாட்டு மைனர் ஸ்கேலிலிருந்து மேஜர் ஸ்கேலுக்கு மாறும் இடம் நன்றாகவே வந்தது. வில் தானாகவே குதிரைப் பக்கம் போனது. மார்ச் தாளத்தில் வரும் வேரியேஷன்களில் ஹார்மோனிக் இரண்டு விசிலடிக்காமல் போயின. கடைசி ஏற்றத்தில் வியர்வையில் விரல் ஒரு மயிரிழை கீழே இறங்கிவிட, அங்கிருந்து ஸ்வரத்துக்கு இழுத்துப் போனேன். வட்டம் போட்டிருந்த இடம்.

முடிந்து வெளியே வந்தபோது முன்வரிசை மாமி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் நன்னா இருந்ததுடி. கடைசியில மேல போய் ஒரு இழுப்பு இழுத்தியே, அதுதான் உயிர்."

பின்னால் சார் நின்றிருந்தார். நான் திரும்பவில்லை.