அல்சூர் ஏரிக்கரைச் சிலையும் ஒரு ஜெர்மன் கேள்வியும்

போன அக்டோபர் நடுவில் தொடங்கி ஆறு வாரம், எங்கள் பெங்களூரு கல்லூரிப் பிள்ளைகள் 14 பேரும் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்து மாணவர்கள் 12 பேரும் இணையத்தில் சேர்ந்து படித்தார்கள். முதல் சந்திப்பு முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த குறிப்பில் ஒரு வரி இருந்தது. இந்திய மாணவர்களில் பாதிப் பேர் கேமராவைப் போடவே இல்லை, ஆர்வம் இல்லையோ என்று.

படித்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. கேமராவை அணைத்து வைத்தவர்களில் ஒருத்தி மர்ஃபி டவுன் பெண். ஒரே அறை வீடு. அவள் பேச உட்காரும் நேரத்தில் பின்னால் அம்மா சமைத்துக்கொண்டிருப்பார், அப்பா இரவு ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். "நெட் சரியில்லன்னு சொல்லிடவா மிஸ்?" என்று கேட்டாள். வேண்டாம், இருப்பதை எழுது என்றேன். நான்கே வரி எழுதினாள். அடுத்த வாரம் கேமரா இல்லை, ஆனால் மைக்கை மட்டும் திறந்தே வைத்தாள். குக்கர் விசில் அடித்ததும் அந்தப் பக்கம் ஒரு பையன் திடுக்கிட்டு, அது என்ன சத்தம் என்றான். "சாதம். இன்னும் ரெண்டு விசில் பாக்கி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மிச்ச இரண்டையும் எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். ஆர்வம் இல்லையோ என்ற வரி அதன்பின் எந்தக் குறிப்பிலும் வரவில்லை.

இப்படி இரண்டு நாட்டு வகுப்புகளை இணையத்தில் சேர்த்துப் பாடம் நடத்துவதற்கு 'கொய்ல்' என்று பெயர். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2006-லேயே இதற்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். அதற்கும் முன்னால், 1997-ல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'கல்ச்சுரா' என்று ஒரு முயற்சி நடந்தது. அமெரிக்க மாணவர்களும் பிரெஞ்சு மாணவர்களும் ஒரே சொல்லுக்குத் தங்களுக்குத் தோன்றுவதை எழுதி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அவரவர் தாய்மொழியிலேயே எழுத வேண்டும் என்பது.

முதல் தடவை இதை நடத்தியபோது நான் தப்பு செய்தேன். தசரா, பிரியாணி, பட்டுச்சேலை என்று ஸ்லைடு போடச் சொன்னேன். அவர்கள் கிறிஸ்துமஸ் சந்தையைக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் கைதட்டியதோடு சரி, யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்த முறை ஸ்லைடே வேண்டாம் என்று, "நல்ல பக்கத்து வீட்டுக்காரர் என்றால்..." என்று தொடங்கி அவரவர் மொழியில் முடிக்கச் சொன்னேன். அங்கே 'சத்தம் போடாதவர்', 'பார்சல் வந்தால் வாங்கி வைப்பவர்'. இங்கே 'சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம்', 'கேட்காமலே உள்ளே வருபவர்'. கேட்காமல் வந்தால் கோபம் வராதா என்று ஒரு பெண் கேட்க, அன்றைக்கு ஒன்றேகால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

நடுவில் ஒரு சிக்கல். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அவர்களுடைய மாலை 4 மணி அதுவரை நமக்கு ஏழரை, அதன்பின் எட்டரை. நான் சொல்ல மறந்ததால் பிள்ளைகள் ஏழரைக்கே வந்து காத்திருந்தார்கள். மதிக்கவில்லை என்று ஒருவன் முடிவே கட்டிவிட்டான். விளக்கிச் சொன்னதும் சரியானான்.

கடைசிப் பணி, உங்கள் தெருவில் உள்ள ஒன்றைப் பற்றி இருவர் சேர்ந்து எழுதுவது. ஒரு தமிழ்ப் பையனும் ஒரு கன்னடப் பையனும் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொண்டார்கள். 1991-ல் திறக்க இருந்த சிலை எதிர்ப்பால் 18 வருஷம் மூடியே இருந்து, 2009 ஆகஸ்ட் 9-ல்தான் திறந்தது. எடியூரப்பா முதல்வராக இருந்தபோது, கருணாநிதி வந்து திறந்தார். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறந்தது. இவ்வளவையும் எழுதி அனுப்பினார்கள். ஜெர்மனியிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. ஒரு கவிஞரின் சிலையை ஏன் மூடி வைத்தார்கள்?

இரண்டு பேருக்கும் வீட்டில் கேட்ட கதை வேறு வேறு. தமிழ்ப் பையனின் பாட்டி 1991 காவிரிக் கலவரத்தில் மூன்று நாள் கதவைத் திறக்காமல் இருந்தவர். கன்னடப் பையன் வீட்டில், நம் ஊரிலேயே நம் மொழிக்கு இடமில்லாமல் போகிறதே என்ற வருத்தம். மூன்று வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டி வந்ததால்தான் பேசினார்கள். அயல்நாட்டாரோடு பழகக் கற்றுக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், அன்றைக்கு அந்த இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு முறை எழுதித் திருத்தினார்கள். மூன்றாவதில் 'எதிர்ப்பாளர்கள்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'பயந்தவர்கள்' என்று எழுதினான் கன்னடப் பையன். அப்படியானால் என் பாட்டியும் பயந்தவர்தானே, அவரையும் சேர் என்றான் மற்றவன். நான்காவதில் இரண்டு பேருடைய பயமும் ஒரே பத்தியில் இருந்தது.

அனுப்பிய சனிக்கிழமை இருவரும் ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார்கள். சர்வக்ஞரின் மூன்றடி வசனம் ஒன்றைத் தமிழ்ப் பையனும், ஈரடிக் குறள் ஒன்றைக் கன்னடப் பையனும் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பதிவு செய்து எனக்கு அனுப்பினார்கள். பின்னணியில் ஒரே ஹாரன் சத்தம். அதை அப்படியே ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டேன்.