யோலுதோர்த்து மாசம்

டிசம்பர் 1

மூன்றரை மணிக்கெல்லாம் பின்லாந்தின் துர்க்கு நகரில் இருட்டிவிட்டது. சூப்பர்மார்க்கெட் வாசலிலேயே உறைந்த மாவுச் சதுரங்களையும் ப்ளம் ஜாமையும் குவித்து வைத்துவிட்டார்கள். யோலுதோர்த்து காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். யோலு என்றால் ஃபின்னிஷில் கிறிஸ்துமஸ். நம் ஊர் பேக்கரியில் முட்டை பப்ஸுக்குப் போடுகிற அதே அடுக்கு மாவுதான். நடுவில் உலர்ந்த ப்ளம் பழ ஜாம், வடிவம் நட்சத்திரம். இத்தனை வருஷம் கடையில் வாங்கித் தின்றாயிற்று, இந்த வருஷம் நானே சுடப்போகிறேன். ஒரு பாக்கெட் சதுரம் வாங்கினேன். ஜாம் வீட்டில் இருக்கிறது, போதும்.

டிசம்பர் 3

போதவில்லை. ரொட்டிக்குத் தடவுகிற ஜாம் சூட்டில் இளகி, தட்டெல்லாம் ஓடி, கருகிப் பிசினாக ஒட்டிக்கொண்டது. மடித்த முனைகளும் விரிந்துவிட்டன. நட்சத்திரம் கேட்டால் அடுப்பு தவளையைக் கொடுத்தது. புகைக்கு அலாரம் வேறு அலறியது.

சத்தம் கேட்டு மேல்வீட்டுப் பாட்டி இறங்கி வந்தார். இங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எண்பதை நெருங்குகிறவரைப் பெயர் சொல்ல எனக்கு வாய் வராது. பெயரே இல்லாமல் பேசிச் சமாளிக்கிறேன். தட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சனிக்கிழமை வா" என்றார்.

டிசம்பர் 6

சுதந்திர தினம். 1917-இல் இதே நாளில்தான் பின்லாந்து ரஷ்யாவிடமிருந்து விடுதலையை அறிவித்தது. சாயங்காலம் எதிர்வரிசை ஜன்னல்களில் இரண்டிரண்டு மெழுகுவர்த்தி. நானும் ஏற்றினேன். சமையல் ஒன்றும் இல்லை, ரசம்தான்.

டிசம்பர் 7

பாட்டி வீட்டுச் சமையலறை. கடைச் சதுரத்தை அவர் மாவென்றே ஒத்துக்கொள்வதில்லை. அவர் கணக்கு எளிது: 250 கிராம் வெண்ணெய், 250 கிராம் ரஹ்கா, நாலு டெசிலிட்டர் (400 மில்லி) மைதா. ரஹ்கா என்பது துணியில் கட்டித் தண்ணீரை வடித்த கெட்டித் தயிர் மாதிரி இருக்கும். பிசையக் கூடாது, சேர்ந்தால் போதும். உருட்டித் தேய்த்து, கடிதத்தை மடிக்கிற மாதிரி மூன்றாக மடித்து, திருப்பி, மறுபடி தேய்த்து. இப்படி மூன்று தடவை. நடுவில் மாவு பால்கனியில் ஓய்வெடுத்தது. வெளியே மைனஸ் நாலு, ஃப்ரிட்ஜே வேண்டாம். வெண்ணெய் இளகினால் அடுக்கு செத்துவிடும் என்பதுதான் அவர் அன்றைக்குச் சொன்ன ஒரே நீளமான வாக்கியம்.

ஜாமும் அவரே போட்டது. கொட்டை எடுத்த உலர்ந்த ப்ளம்மைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, மசித்து, சர்க்கரை போட்டுக் கிளறுகிறார். கரண்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது. நம் அல்வாப் பதம் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் மடிப்பு. எட்டு சென்டிமீட்டர் சதுரம். நாலு மூலையிலிருந்தும் நடுவை நோக்கிப் பாதி தூரம் கத்தியால் கீற வேண்டும். முழுக்கக் கீறினால் துண்டாகிவிடும். இப்போது எட்டு முனை. நடுவில் ஒரு ஸ்பூன் ஜாம். ஒன்று விட்டு ஒன்றாக நாலு முனையை நடுவுக்கு இழுத்து அழுத்தவேண்டும். மூன்றாவதில்தான் எனக்குப் பிடிபட்டது: இது நட்சத்திரமே இல்லை, சின்ன வயசில் பனையோலையில் செய்து ஓடின காற்றாடி! அதற்கப்புறம் கை தானாகப் போயிற்று. முட்டை தடவி, 225 டிகிரியில் கால் மணி நேரம். இருபதில் பதினேழு தேறின. மீதி மூன்று, சுட்டவர்கள் பங்கு.

டிசம்பர் 13

புனித லூசியா திருநாள். ராத்திரி பிபர்காக்கு என்கிற மசாலா பிஸ்கட்டுக்கு மாவு கலந்தேன். கிராம்பு, பட்டை, இஞ்சிப்பொடி, ஏலக்காய் எல்லாம் போட்டு பாகு காய்ச்சினால் வீடு முழுக்க மளிகைக்கடை வாசனை. மாவு ராத்திரி முழுக்க ஊற வேண்டும். அவ்வளவுதான். பிஸ்கட்டில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை.

டிசம்பர் 24

காலையில் தனியாக இருபத்து நாலு சுட்டேன். ஒன்றுகூட விரியவில்லை. ஆறவிட்டு மேலே சர்க்கரைப் பொடி சலித்தேன், டப்பாவில் அடுக்கினேன், பாட்டியோடு பழைய சந்தைத் திடலுக்கு நடந்தேன். கூட்டம் பாடியது. பன்னிரண்டு மணிக்குப் பேராலய மணி அடித்தது. திடலோரத்து பிரிங்க்கலா மாளிகை மாடத்திலிருந்து ஒருவர் சுருளை விரித்து ஃபின்னிஷிலும் ஸ்வீடிஷிலும் கிறிஸ்துமஸ் அமைதிப் பிரகடனத்தை வாசித்தார். அமைதியைக் குலைக்கிறவருக்குத் தண்டனை கூடுதலாம்! 1935 முதல் வானொலியிலும் வருகிறதாம். பாட்டி சின்ன வயசில் கேட்டது அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். பாட்டி ஒன்றை எடுத்து, தின்பதற்கு முன் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். "வெந்திருக்கிறது" என்றார். ஃபின்லாந்துக்காரர் வாயில் இது பெரிய பாராட்டு, நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 26

பாட்டி கொடுத்த ஜாம் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். வெறும் பாட்டிலாகத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. ஊறுகாய் போட்டுக் கொடுத்தால் மனுஷி தாங்கமாட்டார். ரவை இருக்கிறது, ஏலக்காயும் மிச்சமிருக்கிறது. லட்டு பாட்டில் வாய்க்குள் நுழைகிற அளவுக்குச் சின்னதாக உருட்டவேண்டும்.