கடை அடைத்த பிறகு ஒரு பஸ்

நாகர்கோவிலில் ஜவுளிக் கடைகள் ஷட்டரை இறக்க இரவு ஒன்பது ஆகிவிடும். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் நேரமென்றால் இன்னும் தாமதமாகும். விரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கி, கல்லாக் கணக்கை ஒப்படைத்துவிட்டு வெளியே வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பில் போடும் இடத்தில் உட்காருகிற நானும் அதில் ஒருத்தி. பெண்கள் பாதுகாப்பு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கேமரா, செல்போன் ஆப், தற்காப்புப் பயிற்சி என்று சொல்கிறார்கள். எல்லாம் இருக்கட்டும். எங்களிடம் கேட்டால், கடை அடைத்த பிறகு ஊருக்கு ஒரு டவுன் பஸ் வேண்டும், அது எங்கள் ஸ்டாப்பில் நிற்க வேண்டும் என்றுதான் முதலில் சொல்வோம்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அதனால்தான் எங்கள் கடைக்குத் திங்கள்சந்தை, கருங்கல் பக்கமிருந்தெல்லாம் பெண்பிள்ளைகள் வேலைக்கு வர முடிகிறது. ஆனால் இரவானால் டவுன் பஸ் குறைந்துவிடும். எக்ஸ்பிரஸ் வரும், சின்ன ஸ்டாப்பில் நிற்காது. பெரிய ஸ்டாப்பில் இறங்கி ஆட்டோ பிடித்தால் அன்றைய கூலியில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். நடக்கலாம் என்றால் குளக்கரை, அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், நடுவில் எரியாத தெருவிளக்கு.

பஸ்ஸுக்காக வடசேரி பஸ் ஸ்டாண்டில் காத்து நிற்கும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. பழக்கடை வெளிச்சம் விழுகிற இடத்தில்தான் நிற்போம். யாராவது சுற்றிச் சுற்றி வந்தால் போனைக் காதில் வைத்து, "ஆமா அண்ணா, இங்கேதான் நிக்கேன், வா" என்று சத்தமாகப் பேசுவோம். மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள். பஸ் வந்ததும் கண்டக்டர் நிற்கிற பக்கமாக சீட் பார்ப்போம். நிற்க வேண்டி வந்தால் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொள்வோம். சேலை மடிப்பில் குத்துகிற ஊக்கு எதற்கெல்லாம் பயன்படும் என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மூத்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை வேலைக்கு வந்ததும் கற்றுக்கொள்வது இதைத்தான் என்று நினைக்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்படி ஒரு பிள்ளை எங்களோடு வந்த இரவு. நல்ல கூட்டம். பின்னால் நின்றவன் அவள்மேல் சாய்ந்துகொண்டே வந்தான். அவள் நகர நகர அவனும் நகர்ந்தான். கண்டக்டர் பார்த்துவிட்டார். "மக்களே, நீ முன்னால வந்து நில்லு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் இடம் மாறியது அவள்தான். அவன் நின்ற இடத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வேறொரு நாள் வேறொரு கண்டக்டர், இதே மாதிரி நடந்தபோது விசிலை ஊதி வண்டியை ஓரம்கட்ட வைத்தார். "வண்டிய ஸ்டேஷனுக்கு விடணுமா, இல்ல நீயே இறங்குதியா?" என்று ஒரே கேள்வி. அவன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனான். அன்று வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பிள்ளை பேசிக்கொண்டே வந்தாள்.

அந்தக் கண்டக்டர் கேட்டது வெறும் மிரட்டல் இல்லை. பஸ்ஸில் தொந்தரவு என்று பெண் புகார் சொன்னால் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், தவறினால் பெர்மிட்டையே ரத்து செய்யலாம் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற இடங்களில் சாதாரண உடையில் பெண் போலீசார் இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்த வழக்கின் தொடக்கம் நமக்குப் பக்கத்தில், தென்காசி பஸ் ஸ்டாண்டில், 1999-ல். பெண்ணிடம் தவறாக நடந்ததாகப் புகாருக்கு ஆளானவர் ஒரு போலீஸ்காரர். 2022-ல் தமிழ்நாட்டு மோட்டார் வாகன விதிகளிலும் திருத்தம் வந்தது. முறைத்துப் பார்ப்பதும் கண்ணடிப்பதும் விசிலடிப்பதும் அதில் வருகின்றன. கண்டக்டர் அப்படிப்பட்டவனை இறக்கிவிடலாம், போலீசில் ஒப்படைக்கலாம். இதை ஒவ்வொரு பஸ்ஸிலும் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தால் என்ன செலவாகிவிடும்?

குளச்சலில் நடந்ததும் மறக்கவில்லை. 2021 டிசம்பரில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய மூதாட்டியை நாற்றமடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று சத்தம் போட்டு நியாயம் கேட்டார், வீடியோ பரவியது, ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். பஸ்ஸில் பெண்ணுக்கு மரியாதை இல்லையென்றால் பாதுகாப்பு மட்டும் எங்கிருந்து வரும்? காசு வாங்காமல் ஏற்றுகிறோம் என்ற இளக்காரத்தோடு பார்க்கிற கண்டக்டரிடம், பின்னால் ஒருத்தன் உரசுகிறான் என்று எந்தப் பெண் போய்ச் சொல்வாள்?

பெண்கள் உதவி எண் 181-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், அவசரமென்றால் 112. சரி, போனில் வைத்திருக்கிறோம். ஆனால் இருட்டு ஸ்டாப்பில் இறங்கி நடக்கிற அந்தப் பத்து நிமிடத்துக்கு விளக்குதான் வேண்டும். கொஞ்ச நாள் முன்னால் எங்கள் கடையில் ஒரு பிள்ளை வேலையை விட்டுவிட்டாள். வீட்டில், "ராத்திரி இப்படி வரணும்னா வேலையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களாம். சொந்தச் சம்பளத்தில் கம்மல் எடுக்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவள். இதை எந்த ஸ்டேஷனில் புகாராக எழுதுவார்கள்?

இப்போது நாங்கள் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கடைசி டவுன் பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். இரவில் தனியாக வருகிற பெண் கேட்கிற இடத்தில் எக்ஸ்பிரஸ்ஸும் நிற்க வேண்டும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்து பஸ்ஸில் இந்த ஏற்பாடு உண்டு, இங்கே மட்டும் ஏன் முடியாது? குளக்கரை விளக்குக்குத் தனியாகக் கிராம சபையில் கொடுக்கிறோம். பஸ் மனுவைத் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதாக இருக்கிறோம். மார்த்தாண்டம், தக்கலை கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் உங்கள் ஸ்டாப் பெயர், கடை அடைக்கிற நேரம், கடைசி டவுன் பஸ் போகிற நேரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதையும் சேர்த்துக்கொள்கிறோம்.