பைன் கட்டை: மெல்லிய முனையில்தான் விலை

மலேசியாவின் பட்டர்வொர்த் பக்கம் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு), மரப்பெட்டி அடிப்பவர்களுக்கு ரேடியாட்டா பைன் பழகிய மரம். அதன் விலை நியூசிலாந்துத் தோட்டத்திலேயே, கட்டையின் மெல்லிய முனையில் வைக்கும் அளவுகோலில் தொடங்கிவிடுகிறது.

ஏற்றுமதிக் கட்டைக்கு ஜப்பானிய ஜாஸ் அளவுமுறைதான் வழக்கம். பட்டையை விட்டு, மெல்லிய முனையின் மிகக் குறுகிய விட்டத்தை எடுப்பார்கள். 14 செ.மீ.க்கு மேல் போனால் கீழே உள்ள இரட்டைப்படை எண்ணுக்கு இறக்கிவிடுவார்கள். நீளம் 6 மீட்டருக்குள் இருந்தால் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,000 ஆல் வகுக்க வேண்டும். 5.8 மீட்டர் கட்டை, விட்டம் 30 என்றால் 0.522 கன மீட்டர். அதுவே 29.9 என்றால் 28 ஆகிவிடும்; கணக்கு 0.455. ஒரு மில்லிமீட்டரில் 13 சதவீதம் போச்சு! விற்பவருக்கு வயிற்றெரிச்சல், வாங்குபவருக்கு லாபம்.

அடுத்தது கணு. சிறுவயதிலேயே கிளை கழித்த மரத்தின் அடிக்கட்டைக்கே உச்ச விலை, ஏனென்றால் வெளிச்சுற்றில் கணுவே இருக்காது. கணு பெருத்தால், கட்டை வளைந்தால் தரம் இறங்கும்.

நீலக்கறை பூஞ்சையால் வருவது. வெட்டிய கட்டை வெப்பத்தில் கிடந்தால் சீக்கிரம் ஏறும். பலம் பெரிதாகக் குறையாது, பேலட்டுக்குத் தாராளமாகப் போடலாம். வார்னிஷ் அடிக்கும் மேசைக்கு வேண்டாம்.

நம்மூரில் அறுத்த பலகைக்கு டன் விலை சொன்னால் அது எடையில்லை, 50 கன அடி. கன மீட்டர் விலையை 1.416 ஆல் பெருக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.